ராணிங்க என்று சொன்ன ஆட்டம்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். என் எழுத்து கோட்டின்மேல் நிற்காது, பாதி வரியிலேயே சரிந்து கீழே இறங்கிவிடும். எந்த இடத்தில் எந்த ‘ன’ என்று இன்றைக்கும் யோசித்து யோசித்துத்தான் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்ற படிப்பு. அதற்குப் பிறகு லேத்து மெஷினைப் பிடித்தே பழகிய கை. பேனாவை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை. இரண்டு இடத்தில் தாள் கிழிந்திருக்கிறது. பிழை இருந்தால் நீங்களே சரியாக்கிப் படித்துக்கொள்ளுங்கள்.

நம் வாசகசாலையில் சாயங்காலம் கூடுகிற எல்லாரும் ஏறக்குறைய என் வயதுக்காரர்கள். வருடா வருடம் சதுரங்கப் போட்டி வைக்கிறீர்கள். பலகை விரிக்கிறேன், காய் அடுக்குகிறேன், டீ வாங்கி வருகிறேன். “நீங்க ஏனுங்க பேரு குடுக்கறதில்ல?” என்று யாராவது கேட்டால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். உட்காரவும் முடியவில்லை. இவ்வளவு எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்து போய்விட்டேன். ஒரு தடவை தண்ணீர் மோட்டாரை நிறுத்த. மற்ற இரண்டு தடவை எதற்கென்று தெரியவில்லை.

ஐந்தாவது பரீட்சை முடிந்த கோடை அது. கணபதியில் லைன் வீட்டில் இருந்தோம். அப்பா பவுண்டரியில் மோல்டர். மோட்டார் பம்புக்கு வார்ப்படம் ஊற்றுகிற வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சட்டையை வாசலிலேயே உதறுவார். கறுப்பு மணல் விழும். சட்டைக் கையில் பொறி பட்ட ஓட்டைகள் இருக்கும். எனக்குக் கீழே இரண்டு தங்கைகள்.

எங்கள் தெருமுனையில் பாய் ஒரு சைக்கிள் கடை வைத்திருந்தார். நான் சதுரங்கம் பார்த்தது அங்கேதான். மோட்டார் வந்த பெட்டியின் பலகையில் கட்டம் போட்டுப் பெயின்ட் அடித்திருந்தார். காய்கள் பாதி தொலைந்துபோயிருந்தன. கறுப்பு யானைக்குப் பதில் ஒரு ஸ்பார்க் பிளக். இரண்டு சிப்பாய்க்குப் பதில் நட்டுகள். வெள்ளைக் குதிரை ஒன்றுக்குத் தலை கிடையாது. பஞ்சர் ஒட்டுகிற சொலூஷன் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு அந்தத் தலையில்லாத குதிரைதான் ஞாபகம் வரும். யாரும் எனக்கு உட்கார்ந்து கற்றுக்கொடுக்கவில்லை. பார்த்துப் பார்த்து வந்துவிட்டது. ஒரு நாள் ஆள் குறைந்தபோது பாய், “உக்காரு மாப்ள, நீயாச்சும் தோத்துட்டுப் போ” என்றார். நான் தோற்கவில்லை. பெரியவர்களை எதிரே வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் எதையாவது செய்ய முடிந்த ஒரே இடம் எனக்கு அதுதான்.

வாய் திறக்காமல் என்று சொல்வது முழுக்கச் சரியில்லை. ஒன்றே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ராஜாவுக்கு ‘செக்’ சொல்வது எல்லா ஊரிலும் உண்டு. பாய் கடையில் ராணிக்கும் சொல்ல வேண்டும். எதிராளியின் ராணி உங்கள் காய்க்கு வெட்டுப்படுகிற இடத்தில் வந்துவிட்டால், “ராணிங்க” என்று ஒரு வார்த்தை. சொல்லாமல் எடுத்தால் ஆட்டம் செல்லாது, காயைத் திருப்பி வைக்க வேண்டும். புதிதாக வந்த ஒருவர் இது எந்த ஊர் வழக்கம் என்று தகராறு செய்தார். பாய் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்தபடியே சொன்னார்:

“இங்க வந்து உக்கார்றவன் பூரா உலை முன்னால நின்னுபோட்டு வர்றவன். கண்ணு எரிஞ்சுட்டுக் கெடக்கும். கட்டம் ரெண்டு ரெண்டாத் தெரியும். அவன்கிட்டச் சொல்லாம எடுக்கறதுக்குப் பேரு ஆட்டமில்லீங்க, களவுங்க.”

அந்த ஆள் அடுத்த நாளும் வந்தார். அவரும் சொல்லப் பழகிக்கொண்டார்.

எங்கள் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தபோது நான் ஆடுவதைப் பார்த்துவிட்டார். ஏப்ரல் கடைசியில் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் பேசினார். டவுனில் ஒரு கிளப்பில் கோடைப் போட்டி நடக்கிறது, பதினாறு பேர், தோற்றவர் வெளியே போய்விட வேண்டும். நடத்துகிறவர் ஒரு ஹைஸ்கூல் தாளாளர்.

“பையன் பைனல் வரைக்கும் வந்துபோட்டான்னா நான் அவருகிட்டப் பேசறனுங்க. ஆறாவதுல சேத்து விடுதியிலயே வச்சுக்குவாரு. சோறு, துணி, புஸ்தகம் எல்லாம் அவங்களுது.”

லேத்துப் பட்டறை ஒன்றில் என்னைச் சேர்த்துவிட அப்பா ஏற்கெனவே வார்த்தை கொடுத்திருந்தார். “பைனலுக்கு வந்தான்னா போகட்டுங்க. இல்லீன்னா வைகாசி பொறந்ததும் பட்டறைக்குத்தான்” என்றார். அம்மா உள்ளேயிருந்து, “நல்லாப் படிக்கற புள்ளைங்க” என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

எனக்குப் படிக்க ஆசை இருந்ததா என்று நீங்கள் கேட்கலாம். யாரும் அன்றைக்குக் கேட்கவில்லை. நான் அதற்குப் பிறகு இரண்டு வாரம் சரியாகத் தூங்கவில்லை. வீட்டுக்கும் பாய் கடைக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தேன். ஐந்தாவதுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ‘ஆறாம் வகுப்பு’ என்று எழுதிப் பார்த்துவிட்டு, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்து எச்சில் தொட்டு அழித்தேன். தாள் ஓட்டையாகிவிட்டது.

முதல் ஆட்டத்துக்கு எதிராளி வரவில்லை. கிளப் ஹாலில் நாற்காலி உயரம், கால் தரையைத் தொடவில்லை. மேஜைமேல் இரண்டு முகம் வைத்த ஒரு கடிகாரம். அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. எதிரே காலி நாற்காலி. அவர் பக்கத்து முகம் மட்டும் ஓடுகிறது. ஒன்றுக்கு வந்தது. எழுந்தால் தோற்றதாகச் சொல்லிவிடுவார்களோ என்று ஒரு மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடுவர் வந்து என் பெயருக்கு நேராக ஒரு கோடு போட்டு, “நீ ஜெயிச்சுட்டே, போ தம்பி” என்றார். ஓடினேன். வெற்றியைக் கொண்டாட ஓடுகிறேன் என்று நினைத்து எல்லாரும் கைதட்டினார்கள்.

இரண்டாவது ஆட்டத்தில் ஒரு மில் சூப்பர்வைசர். வாயில் வெற்றிலை. பின்னால் நின்றவர்களிடம் பேசிக்கொண்டே ஆடினார். “ஏப்பா, பால்வாடியில இருந்தெல்லாம் ஆளு புடிச்சுட்டு வந்திருக்கீங்களா?” என்று கேட்டு அவரே சிரித்தார். பத்துப் பன்னிரண்டு நகர்த்தலிலேயே ராணிகள் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு பலகையை விட்டுப் போய்விட்டன. அதனால் அந்த ‘ராணிங்க’ என்ற சொல்லுக்கு அங்கே வேலையே வரவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர் ஒரு யானையைக் கோட்டைவிட்டார். அப்புறம் சிரிப்பு நின்றது. வெற்றிலையைத் துப்பப் போனவர் திரும்பி வந்து உட்காராமல் நின்றபடியே கை கொடுத்தார்.

பதினாறு பேர் நாலு பேரானார்கள். இன்னும் ஒரு ஆட்டம் ஜெயித்தால் பைனல்.

சீட்டுக் குலுக்கியதில் எனக்குக் கணக்கு வாத்தியார் விழுந்தார். ஒரு காலேஜில் கணக்கு சொல்லிக்கொடுப்பவர். மூன்று வருடமாக அந்தக் கோப்பை அவர் வீட்டில்தான் இருந்தது. பாய் கேள்விப்பட்டதும் உதட்டைப் பிதுக்கினார். “அவரு ஆடறதைப் பாத்துட்டு வந்தாலே போதும் மாப்ள. தோத்தாலும் பேருதான்” என்றார். தோற்றால் பட்டறை என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. அப்பா கல்யாணத்துக்கு வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். பஸ்ஸில் என் தலையை இரண்டு தடவை தடவிவிட்டார். அவர் கையில் அந்த மணல் வாசனை. பாயும் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். இரண்டு பேரும் ஹாலின் கதவோரம் நின்றார்கள். உள்ளே உட்கார நாற்காலி இருந்தது, அப்பா உட்கார மாட்டேன் என்றுவிட்டார்.

நடுவர் ஆரம்பத்திலேயே சொன்னார்: “பேசக் கூடாது. எதிராளியைத் தொந்தரவு பண்ணக் கூடாது. தொட்ட காயை நகர்த்தியே தீரணும்.”

கணக்கு வாத்தியார் ஒல்லி. கழுத்துப் பட்டன்வரை போட்ட சட்டை. காயை இரண்டு விரலால் பிடித்து, சத்தமில்லாமல் வைப்பார். என்னை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார், பிறகு பலகையை மட்டும்தான் பார்த்தார். அந்த சூப்பர்வைசர் மாதிரி என்னைச் சின்னப் பையனாக நடத்தவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. நான் என்ன யோசிக்கிறேனோ அதை எனக்கு முன்னாலேயே யோசித்து வைத்திருந்தார். ஒரு மணி நேரத்தில் எனக்கு இரண்டு சிப்பாய் போய்விட்டது. என் ராஜாவைச் சுற்றி அவருடைய காய்கள் நெருங்கிக்கொண்டு வந்தன. கடிகாரத்தை அமுக்க மறந்து மறந்து என் நேரமும் போய்க்கொண்டிருந்தது. கால் தானாக ஆடியது. மேஜை அதிர்கிறது என்று நடுவர் கையால் சைகை காட்டினார். ஒரு காலை இன்னொரு காலால் அமுக்கிக்கொண்டேன்.

அப்போதுதான் பார்த்தேன். என் மந்திரி ஒரு மூலையில் என் சிப்பாய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது. அந்தச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினால், மந்திரிக்கு மூலையிலிருந்து மூலைக்கு வழி திறக்கும். அந்த வழியின் அடுத்த முனையில், காவலுக்கு ஒரு காயும் இல்லாமல், அவருடைய ராணி.

சிப்பாயைத் தள்ளினேன். பயந்துபோய் எதையோ நகர்த்தின மாதிரித்தான் இருந்திருக்கும். அவர் சிப்பாயைப் பார்த்தார், என் ராஜாவைப் பார்த்தார், யோசனையில் ஆழ்ந்தார். மந்திரியைப் பார்க்கவில்லை.

தள்ளின கையோடு அந்த வார்த்தை என் தொண்டைக்கு வந்துவிட்டது. பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். கதவோரம் அப்பாவின் வெள்ளைச் சட்டை தெரிந்தது. ராணி போய்விட்டால் அந்த ஆட்டம் அங்கேயே முடிந்த மாதிரி. அது எனக்குத் தெரியும். ஆறாம் வகுப்பு, விடுதி, புதுப் புத்தகம் எல்லாம் அந்த ஒரு கட்டத்தில் இருந்தது. அதுவும் தெரியும். அவர் கையை நீட்டினார். என் ராஜாவுக்குப் பக்கத்தில் கொண்டுவர யானையை எடுக்கப் போகிறார். தொட்டுவிட்டால் யானையைத்தான் நகர்த்த வேண்டும், ராணிக்குத் தப்ப வழியில்லை. விரலுக்கும் யானைக்கும் நடுவில் ஒரு நெல் போகிற அளவு இடம்.

அப்படியே இன்னொரு கையால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கண்ணைக் கசக்கினார். கண் இரண்டும் சிவந்திருந்தன. பரீட்சைத் தாள் திருத்திய கண்ணாக இருக்கலாம். எனக்கு அது உலை முன்னால் நின்ற கண்ணாகத் தெரிந்துவிட்டது.

“ராணிங்க” என்றேன்.

மெல்லத்தான் சொன்னேன். அந்த ஹாலில் அது மணி அடித்த மாதிரி கேட்டது. நடுவர் நாலு எட்டில் வந்துவிட்டார். “என்ன பேச்சு? அவரைக் கலைக்கப் பாக்கறியா? இன்னொருக்கா வாயைத் தொறந்தா வெளியே அனுப்பிருவேன்.” கணக்கு வாத்தியாரின் கை அந்தரத்தில் நின்றது. கண்ணாடியை இறக்கிக்கொண்டார். பலகையை மூலையிலிருந்து மூலைக்குப் பார்த்தார். ரொம்ப நேரம் என்னைப் பார்த்தார். அவர் பக்கத்துக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு ராணியை எடுத்து இரண்டு கட்டம் தள்ளி வைத்தார்.

அதற்குமேல் நான் பதினைந்து நகர்த்தல்கூட ஆடியிருக்க மாட்டேன்.

முடிந்ததும் அவர் குனிந்து, “ஏந் தம்பி சொன்னே?” என்று கேட்டார். வாயைத் திறந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் ஆட்டம் முடிந்த பிறகும் போகவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

கதவோரம் பாய் தலையில் அடித்துக்கொண்டார். “கடைப் பழக்கத்தை இங்க வந்து காட்டிப்போட்டானுங்களே. ராணியே கையில வந்துச்சுங்க. எடுத்திருந்தா பைனலுங்க.” அப்பாவுக்குச் சதுரங்கம் தெரியாது. அவர் காதில் விழுந்தது ஒன்றுதான். கையில் வந்ததை நான் வேண்டுமென்று விட்டுவிட்டேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரிக்குக் கூட்டிப்போனார். எனக்கு ஒரு தேங்காய் பன்னும் ரோஸ் மில்க்கும் வாங்கிக் கொடுத்தார். அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. நான் பாதி குடித்த பிறகு மெதுவாகக் கேட்டார்.

“உனக்கு விடுதிக்குப் போகப் புடிக்கலியா, சாமி?”

ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுக்கவில்லை.

“புடிக்கலீன்னா முன்னாலயே அப்பங்கிட்டச் சொல்றதுக்கென்ன? நான் என்ன கட்டாயப்படுத்தவா போறேன்? வுடு. அம்மாவ வுட்டுப்போட்டு இருக்க முடியாதாக்கும். இங்கயே இரு.”

இல்லீங்கப்பா, எனக்குப் போகோணும் என்று சொல்ல வேண்டியதுதான். அவர் முகத்தைப் பார்த்தேன். என் மனசில் இருந்ததைக் கண்டுபிடித்துவிட்ட நிம்மதி அந்த முகத்தில் இருந்தது. அவ்வளவு பிரியமாக அவர் என்னிடம் பேசியதே இல்லை. ரோஸ் மில்க் தீர்ந்த பிறகும் நான் ஸ்ட்ராவை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். காற்றுதான் வந்தது.

ஒரு வாரம் கழித்துக் கணக்கு வாத்தியார் எங்கள் லைன் வீட்டுக்கே ஸ்கூட்டரில் வந்தார். பெரிய வாத்தியாரிடம் விலாசம் கேட்டு வந்திருக்கிறார். சத்தம் கேட்டதும் நான் உள்ளே ஓடி அரிசி டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். பேசினதற்குப் புகார் சொல்ல வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் வாசலில் நின்றே பேசியது எனக்குக் கேட்டது.

“மொதல்ல என்னைக் கலைக்கறான்னு நெனச்சனுங்க. பலகையைப் பாத்த பொறகுதான் அவன் நெசமாச் சொல்லியிருக்கான்னு தெரிஞ்சுது. எனக்கு மனசு கேக்கலீங்க. பைனல் வர வேண்டியது அவன்தான். தாளாளருகிட்ட நான் பேசிட்டனுங்க. சேத்துக்கறேன்னுட்டாரு. நீங்க அனுப்பிச்சா போதும்.”

“உங்களுக்குப் பெரிய மனசுங்க” என்றார் அப்பா. “ஆனா பையனுக்கே இஷ்டமில்லீங்களே.”

“அவன் சொன்னானுங்களா?”

“அதான் ஆட்டத்துலயே சொல்லிப்போட்டானே.”

“எதுக்கும் ஒருக்கா அவனையே கேட்டுருங்க.”

அம்மா வந்து என்னை டிரம்முக்குப் பின்னாலிருந்து இழுத்து வாசலுக்குக் கொண்டுபோனாள். காதோரம், “போறேன்னு சொல்லு கண்ணு” என்றாள். அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தது. வாசலில் மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். அடுத்த வீட்டுக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். கொடியில் என் புதுக் காக்கி டவுசர் காய்ந்துகொண்டிருந்தது. பட்டறைக்காக அப்பா முந்தின நாள்தான் தைத்து வாங்கி வந்தது. போறேன் என்றால், அந்த பேக்கரியில் அவர் சொன்னதெல்லாம் தப்பாகிவிடும். நான் அவரை ஏமாற்றி ரோஸ் மில்க் குடித்ததாகிவிடும். பத்து வயதில் என் புத்திக்கு அவ்வளவுதான் எட்டியது.

“சொல்லு சாமி, படிக்கப் போறியா?” என்றார் அப்பா.

வாத்தியாரின் ஸ்கூட்டர் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின் டயரில் காற்று குறைவாக இருந்தது.

“பாருங்க” என்றார் அப்பா. கணக்கு வாத்தியார் கொஞ்ச நேரம் காத்திருந்தார். மோர் கொடுத்தாள் அம்மா, குடித்துவிட்டு டம்ளரை அவரே கீழே வைத்தார். போகும்போது என் தோளைத் தொட்டார்.

வைகாசி முதல் திங்கட்கிழமை அந்த டவுசரைப் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனேன். லேத்து வேலை நன்றாகத்தான் வந்தது. குறை சொல்ல மாட்டேன். சோறு போட்டது, தங்கைகளைக் கட்டிக் கொடுத்தது, என் மகளைக் காலேஜ்வரை கொண்டுபோனது. பலகை முன்னால் உட்கார்ந்தால் மட்டும் கால் ஆட ஆரம்பித்துவிடும். எதிராளியின் விரல் ஒரு காய்க்கு மேலே நிற்கும்போது என்னால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது. அதற்காகத்தான் டீ வாங்கப் போகிறேன்.

இதை இப்போது எழுதக் காரணம் அப்பாதான். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அவருக்கு நல்ல நினைவு இருந்தது. என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் சொன்னார்:

“உங்கொப்பனுக்கு எடம் தேடி வந்துச்சு அம்மணி. காலேஜு வாத்தியாரு ஊடு தேடி வந்தாரு. இவனுக்குப் படிப்புல இஷ்டமில்ல. எனக்கும் ஆசைதான். ஆனா புள்ளை மனசைப் பாக்கோணுமல்லோ? நான் ஒரு வார்த்தை கட்டாயப்படுத்தல.” பிறகு கட்டில் ஓரம் நின்ற என்னைப் பார்த்தார். “இல்லியா சாமி?”

மகள் ஸ்பூனோடு திரும்பி என்னைப் பார்த்தாள். ஊரில் இருக்கிற நோட்டீஸையெல்லாம் பொறுக்கி வந்து நான் எழுத்துக்கூட்டிப் படிப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் அவள்.

“ஆமாங்கப்பா. நீங்க கட்டாயப்படுத்தவே இல்லீங்க” என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த வாய்க் கஞ்சிக்கு வாயைத் திறந்தார்.

புரட்டாசி ஒன்பது, வியாழக்கிழமை. அப்பாவுக்கு முப்பதாம் நாள் கும்பிட்டு முடித்த மறுநாள்.